திண்ணையில் வேறு யாரோ போட்ட கடை: எங்கள் தளத்துக்குள் வூகாமர்ஸைப் பொருத்திய கதை

சித்தப்பா சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறார். 60, 70 தலைப்புகள் இருக்கும். 2019இல் அவருக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஒரு தளம் போட்டுக் கொடுத்தேன். பழைய தாளின் வெளிர்மஞ்சளில் பின்னணி, அரக்கு நிறத்தில் தலைப்புகள், எழுத்துக்கு முக்தா மலர். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வருடம் ஊரடங்கில் கடைகளெல்லாம் மூடிக் கிடக்க, “இதுலயே விக்கிறதுக்கு ஒரு வழி பண்ணுப்பா” என்றார்.

முதலில் எடுத்தது மாத வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கடைச் சேவை. பெயர் வேண்டாம். அவர்கள் தரும் இரண்டு வரி நிரலை நம் பக்கத்தில் ஒட்டினால் போதும், கடை திறந்துவிடும். அரை மணி நேர வேலை. வெளிர்மஞ்சள் பக்கத்தின் நடுவே பளீரென்று வெள்ளைப் பெட்டி, நீல பட்டன்கள், எங்கிருந்தோ வந்த எழுத்து. சித்தப்பா பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுத் திண்ணையில வேற யாரோ கடை போட்ட மாதிரி இருக்கேப்பா” என்றார்.

பக்கத்தின் நிறம், எழுத்து போன்ற தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் நாலு வரி எழுதினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அந்தக் கடை வந்தது ஐஃப்ரேமில். அதாவது வேறொரு முகவரியில் இருக்கும் பக்கத்தை நம் பக்கத்தில் ஜன்னல் வைத்துக் காட்டுகிறார்கள். நம் சிஎஸ்எஸ் அந்த ஜன்னலைத் தாண்டி உள்ளே போகாது. அவர்கள் மாற்ற விட்டது பட்டன் நிறம் ஒன்றும், எட்டு எழுத்துருக்களும். அந்த எட்டில் தமிழ் கிடையாது. அதனால் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று ஆளுக்கொரு முகம்.

அதைவிடப் பெரிய தொல்லை ஐபோன்காரர்களுக்கு. “கூடையில போட்ட புத்தகம் காணாமப் போகுதுங்க” என்று அடிக்கடி போன். காரணம் புரிய மூன்று வாரம் ஆனது. குக்கி என்பது ஒரு தளம் நம் பிரவுசரில் எழுதி வைக்கும் சிறு குறிப்பு. ஐபோனின் பிரவுசரான சஃபாரி 2020 மார்ச்சில் வந்த 13.1 பதிப்பிலிருந்து வெளியார் குக்கிகள் அனைத்தையும், அதாவது நாம் பார்க்கும் தளம் அல்லாத மற்றவை வைப்பதை, தடுக்கிறது. ஐஃப்ரேமுக்குள் இருக்கும் கடை எங்கள் தளத்துக்கு வெளியார். கூடையில் என்ன இருக்கிறது என்பதை அது குக்கியை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தது. வாடகையை நிறுத்தினேன்.

2021இல் வூகாமர்ஸ். இது வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் பிளகின், அதாவது தளத்துக்குள்ளேயே உட்காரும் கூடுதல் மென்பொருள். ஹெடர், ஃபுட்டர், எழுத்துரு, பின்னணி எல்லாம் நிறுவிய அன்றே தளத்தின் தோற்றத்தை வைத்திருக்கும் தீமிலிருந்து வந்துவிட்டன. மிச்சம் இருந்தவைதான் வேலை வாங்கின.

முதல் வேலை அட்டைப்படங்கள். பட்டியல் பக்கத்தில் வூகாமர்ஸ் படங்களைத் தானாகவே சதுரமாக வெட்டும். சட்டைக்கும் செருப்புக்கும் அது சரி, புத்தகம் நெட்டையானது. மேலே தலைப்பும் கீழே ஆசிரியர் பெயரும் வெட்டுப்பட்டு, ஒரு கவிதைத் தொகுப்பு நடுவயிற்றை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. தோற்றத்தை மாற்றும் கஸ்டமைசர் பக்கத்தில் ‘வெட்டாதே’ என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் நாங்கள் புத்தகங்களை வெள்ளை சார்ட் மேல் வைத்துப் படம் எடுத்திருந்தோம். வெளிர்மஞ்சள் பக்கத்தில் ஒவ்வொரு படமும் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரிந்தது. எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சோம்பல். சிஎஸ்எஸ்ஸில் மிக்ஸ்-பிளெண்ட்-மோட் என்று ஒன்று உண்டு. அதை மல்டிப்ளை என்று வைத்தால் படத்தின் வெள்ளை மறைந்து பக்கத்தின் நிறம் தெரியும். ஒரே வரியில் தீர்ந்தது. வெள்ளை அட்டை போட்ட இரண்டு புத்தகங்கள் மட்டும் மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆகிவிட்டன. அவற்றுக்கு மட்டும் விலக்கு எழுதினேன்.

எழுத்து விஷயத்தில் தப்பு என்னுடையது. முக்தா மலரில் சாதாரணத் தடிமனை மட்டும் ஏற்றியிருந்தேன். விலை, மொத்தத் தொகை, பட்டன் எல்லாம் கடையில் தடித்த எழுத்தில் வரும். தடித்த எழுத்து கிடைக்காவிட்டால் பிரவுசர் இருப்பதையே ஊதிப் பெருக்கும். ஆங்கிலத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. தமிழில் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு மை சிந்தியதுபோல் இருக்கும். தடித்த எழுத்தையும் ஏற்றியதும் சரியானது. ‘கூடையில் சேர்க்கவும்’ என்பது போனில் இரண்டு வரியாக மடிந்ததால் ‘கூடையில் இடு’ ஆனது. தள்ளுபடிச் சீட்டுக்கு சித்தப்பா கேட்ட மஞ்சள், வெளிர்மஞ்சள் மேல் படிக்கவே முடியவில்லை. அதையும் அரக்காக்கிவிட்டேன்.

இந்த ஐந்தாறு வருடத்தில் நான் வருந்துவது ஒன்றுக்குத்தான். ஆரம்ப உற்சாகத்தில் வூகாமர்ஸின் பக்க அமைப்பைச் சொல்லும் டெம்ப்ளேட் கோப்புகள் ஒன்பதை, தீமின் மேல் நம் திருத்தங்களை வைக்கும் சைல்ட் தீமுக்கு நகலெடுத்து, இஷ்டத்துக்குத் திருத்தி வைத்தேன். அப்படிச் செய்ய வழி உண்டு, ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பிளகின் அப்டேட் ஆகும்போது மூலக் கோப்பு மாறும், என் நகல் பழையதாகவே நிற்கும். வூகாமர்ஸின் நிலவரப் பக்கம் போனால் ‘காலாவதி’ என்று ஒரு பட்டியல். ஒப்பிட்டுத் திருத்த ஒவ்வொரு முறையும் ஒரு மாலை போகும். பொறுமையிழந்து ஒன்பதில் ஏழு கோப்புகளைத் தூக்கிவிட்டேன். செய்ய வேண்டியதை ஹூக் (மூலக் கோப்பைத் தொடாமல் நம் நிரலை மாட்டும் கொக்கி) வழியாகவும் சிஎஸ்எஸ் வழியாகவும் செய்தேன். நிறங்கள் மொத்தம் ஆறு, ஆறையும் மாறிகளாக, அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து, ஒரே இடத்தில் வைத்தேன். அதன் பிறகு எந்த அப்டேட்டும் எங்கள் தோற்றத்தைக் கலைக்கவில்லை.

2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவுபவர்களுக்குக் கூடையும், முகவரி கொடுத்து ஆர்டரை முடிக்கும் செக்அவுட்டும் பிளாக் வடிவில், அதாவது வேர்ட்பிரஸ் எடிட்டரில் துண்டு துண்டாக அடுக்கும் வடிவில் வருகின்றன. பழைய கடைகள் அப்படியே இருந்தன. நாங்களாகத்தான் பின்னால் மாறினோம். பிளாக் வடிவில் கூடைக்கும் செக்அவுட்டுக்குமான பழைய டெம்ப்ளேட் நகல்கள் செல்லாது. இப்போது தொடங்குபவர்கள் அவற்றைத் தொடாமலே இருக்கலாம்.

கடைப் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் மெயிலை மறந்தேன். ஆர்டர் மெயில் ஏழு மாதம் ஊதா நிறத் தலையோடு போய்க்கொண்டிருந்தது. வூகாமர்ஸின் சொந்த நிறம் அது. சித்தப்பாவுக்கும் ஒவ்வொரு ஆர்டருக்கும் வந்திருக்கிறது. “ஏன் சொல்லல?” என்றால், “அது கம்பெனிக்காரன் அனுப்புறதுன்னு நெனச்சேன்” என்கிறார். மெயில் அமைப்பில் லோகோவும் அடிப்படை நிறமும் மாற்ற இரண்டு நிமிடம். ஜிமெயில் நம் எழுத்துருவை ஏற்காது, அதை விட்டுவிட்டேன்.

பணம் கட்டும் ஜன்னலில் லோகோவும் ஒரு நிறமும் மட்டும் எங்களுடையவை. அதற்கு மேல் முயலவும் இல்லை. யுபிஐ பக்கம் எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி இருப்பதால்தான் ஜனங்கள் தயங்காமல் கட்டுகிறார்கள். அங்கே போய் அரக்கு பூசினால் சந்தேகம்தான் வரும்.

தளம் வேர்ட்பிரஸில் இல்லையென்றால் இதில் பாதி உங்களுக்கு உதவாது.

போன வாரம் சித்தப்பா கூப்பிட்டார். மஞ்சள் அலுத்துவிட்டதாம், பின்னணியை வெள்ளையாக்கச் சொல்கிறார். மாறியில் ஒரே ஒரு வரி. அந்த இரண்டு வெள்ளை அட்டைகளுக்கு எழுதிய விலக்கையும் தூக்கிவிடலாம். மெயிலின் பின்னணியை மட்டும் மறக்காமல் கையால் மாற்ற வேண்டும்.