ஹார்மோன் செல்லுக்குக் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது: லாரியா, போரா, டிரம்மா?

தண்டையார்பேட்டையில் எங்கள் மாடிவீட்டு அக்கா போன வாரம் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, கொழுப்பு மாத்திரை போட்டா ஹார்மோன்லாம் கொறைஞ்சிடும்ன்றாங்களே, நிறுத்திட்டா இன்னா?" டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க அக்கா என்று மட்டும் சொன்னேன். காரணம் கொஞ்சம் நீளம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் கொலஸ்ட்ரால்தான். இன்சுலின் சுரக்கும் செல், செய்து முடித்த ஹார்மோனைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு செய்யும் செல்லால் அது முடியாது, ஏனென்றால் ஸ்டீராய்டு கொழுப்பில் கரைவது, சவ்வு வழியே கசிந்து வெளியே போய்விடும். ஆகவே சேமிப்பதெல்லாம் மூலப்பொருளைத்தான். நம் தெருவில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி இதற்கும் லாரி, போர், டிரம் என்று மூன்று வழி.

லாரி என்பது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்துவரும் எல்டிஎல் துகள். செல்லின் மேலுள்ள ஏற்பி அதைப் பிடித்து உள்ளே இழுக்கும், செல்லின் செரிமானப் பையான லைசோசோம் அதை உடைத்துக் கொலஸ்ட்ராலை எடுத்துக் கொடுக்கும். இந்த ஏற்பி வேலையைக் கண்டறிந்ததற்குத்தான் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்து கார்டிசால் செய்யும் அட்ரினல் சுரப்பிக்கு, மனிதரில் முக்கிய வரத்து இதுவே. எலிக்கு அப்படியில்லை. அங்கே எச்டிஎல் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் துகள்தான் பெரிது; அதன் ஏற்பி துகளை விழுங்காமல் உள்ளிருக்கும் கொலஸ்ட்ராலை மட்டும் உறிஞ்சிக்கொண்டு விட்டுவிடும். எலி ஆய்வைப் படித்துவிட்டு நேராக மனிதருக்குப் பொருத்துகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

போர் என்பது செல் தானே கொலஸ்ட்ரால் தயாரிப்பது. அக்கா கேட்ட கொழுப்பு மாத்திரை, அதாவது ஸ்டேட்டின், அடைப்பது இந்த வழியைத்தான். விரையில் டெஸ்டோஸ்டிரோன் செய்யும் லேடிக் செல்கள் இதைப் பெரிதும் நம்புகின்றன, அட்ரினலுக்கு இது துணை வழி. பிறவியிலேயே எல்டிஎல் உருவாகாத அரிய நோய் ஒன்று உண்டு. அவர்களுக்கும் சாதாரண நேரத்தில் கார்டிசால் சரியாகவே இருக்கும், அட்ரினலை நீண்ட நேரம் தூண்டினால்தான் கொஞ்சம் குறையும். அதாவது ஒரு வழி அடைத்தால் இன்னொன்று கை கொடுக்கிறது. வழக்கமான அளவில் ஸ்டேட்டின் போடுகிறவர்களுக்குக் கார்டிசால் பெரிதாக அடிபடாததும் இதனால்தான்.

அப்புறம் டிரம், அதாவது செல் தனக்குள்ளேயே சேர்த்துவைத்திருக்கும் கொலஸ்ட்ரால். என் ஓட்டு இதற்குத்தான். அட்ரினலின் வெளிப்பகுதியான புறணியின் நடு அடுக்கை முதன்முறை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஸ்லைடு கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். ஒவ்வொரு செல்லும் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அந்த ஓட்டைகள் எல்லாம் கொழுப்புத் துளிகள் இருந்த இடம், ஸ்லைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிட்டன. தொப்பைக் கொழுப்புச் செல்லில் ஒரே பெரிய துளி, உள்ளே டிரைகிளிசரைடு, பட்டினிக் காலத்துக்கான எரிபொருள். இங்கே சின்னச் சின்னத் துளிகள் நிறைய, உள்ளே பெரும்பாலும் கொலஸ்ட்ரால் எஸ்டர், அதாவது கொழுப்பு அமிலம் ஒட்டிய, சேமிப்பு வடிவக் கொலஸ்ட்ரால். மூளையடிச் சுரப்பியிலிருந்து அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோன் வந்ததும் ஒரு நொதி எஸ்டரை வெட்டிக் கொலஸ்ட்ராலை விடுவிக்கிறது, சில நிமிடங்களில் கார்டிசால் ஏறத் தொடங்குகிறது. லாரி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் டிரம் நிறைந்திருந்தால் மட்டும் போதாது. கொலஸ்ட்ரால் மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அதை ஹார்மோனாக்கும் முதல் வெட்டு விழும், அங்கே கொண்டு சேர்ப்பது ஸ்டார் என்ற புரதம். அது பழுதாகப் பிறக்கும் குழந்தைகளின் அட்ரினல் கொழுப்பால் உப்பிப்போயிருக்கும், ஹார்மோனோ வராது. சீக்கிரம் கண்டுபிடித்து, உடல் செய்ய முடியாத அந்த ஹார்மோன்களை மருந்தாகவே கொடுத்து வந்தால் குழந்தை பிழைத்துக்கொள்ளும்.