சிட்னியில் ஓனர் பில்டராகக் கட்டிய வீடு: ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தால்

நியூ சவுத் வேல்ஸில் பில்டரிடம் விடாமல் சொந்தப் பொறுப்பில் கட்டுவதென்றால், வேலை மதிப்பு 10,000 டாலரைத் தாண்டியதுமே ஓனர் பில்டர் பெர்மிட் கட்டாயம். 20,000-ஐத் தாண்டினால் அதற்கான வகுப்பையும் முடிக்க வேண்டும். பெர்மிட் ஐந்து ஆண்டுக்கு ஒன்றுதான். கடன் விஷயத்தில் பல வங்கிகள் கையை விரித்துவிடும். அதனால் கைக்காசு கூடுதலாக வேண்டும். பில்டரின் லாபம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் தற்காலிக வேலி, சாரம், கட்டடக் குப்பை போடும் ஸ்கிப் பின், சைட் கழிப்பறை, இன்சூரன்ஸ் இவற்றின் வாடகையையும் கட்டணத்தையும் மறந்துவிடுகிறார்கள். வேலை மூன்று மாதம் இழுத்தால் இவையும் மூன்று மாதம் இழுக்கும்.

பெர்மிட் கைக்கு வந்ததும் சட்டப்படி நீங்கள்தான் பில்டர். எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி போடுகிறவர் எவ்வளவு சிறிய வேலைக்கு வந்தாலும் லைசென்ஸ் இருக்க வேண்டும். ஒருவருடைய ஒப்பந்தம் 20,000 டாலருக்கு மேல் போனால், அவர் எடுத்த ஹோம் பில்டிங் காம்பன்சேஷன் (வீட்டுக்காரரைக் காக்கும் இன்சூரன்ஸ்) சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகே முன்பணம் தரவேண்டும். அதுவும் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க அவருக்கு உரிமை இல்லை.

இனி கட்டுமானம். நம் ஊரில் செங்கல் சுவர் வீட்டைத் தாங்கும் என்றே பழகியிருக்கிறோம். இங்கே பிரிக் வெனீரில் செங்கல் வெறும் சட்டை. கூரையைத் தாங்குவது உள்ளே நிற்கும் 90 மில்லிமீட்டர் பைன் மரச் சட்டகம். இது மனதில் பதியாதவர் கொத்து வேலையை மணிக்கணக்கில் பார்ப்பார், ஃபிரேமை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். ஆண்டுகள் கழித்து வீடு காட்டும் கோளாறுகளோ பெரும்பாலும் மூடிய இடங்களில் பிறந்தவை.

மேற்கு சிட்னியின் களிமண் மழையில் உப்பி, வறட்சியில் சுருங்கும். மண் பரிசோதனை அறிக்கையில் எம் (மிதமாக அசையும் மண்) அல்லது ஹெச்1 (அதிகமாக அசையும் மண்) என்று வரும் மனைகள் அங்கே சகஜம். வழக்கமான வாஃபிள் ஸ்லாபில் (அடியில் கட்டம் கட்டமாக வார்க்கும் தளம்) 225 மில்லிமீட்டர் பாட் எனும் ஃபோம் பெட்டி, அதன்மேல் 85 மில்லிமீட்டர் கான்கிரீட். 200 சதுர மீட்டர் தளமென்றால் மேல்தட்டுக்கு மட்டும் 17 கன மீட்டர்; பாட்களுக்கு இடையே ஓடும் ரிப்பும் விளிம்பு பீமும் சேர்த்தால் 28-ஐ ஒட்டி வரும். ஐந்து லாரி. கான்கிரீட் போதாமல் கடைசியில் இன்னொரு லாரி சொல்லி, அது ஒரு மணி நேரம் தாமதித்தால், முன்பு கொட்டியது இறுகி, புதியது அதோடு சேராமல் இடையில் கோல்டு ஜாயின்ட் விழும். ஆகவே முன்பே கூடுதலாக ஒரு கன மீட்டர் சொல்லிவைப்பதுதான் மலிவு. பரப்புவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று குழாய்த் தண்ணீரை லாரியின் டிரம்முக்குள் விடுவார்கள். விடவே கூடாது, பலம் அங்கேயே போய்விடும். கம்பி வலை அதைத் தூக்கிப் பிடிக்கும் சிறு தாங்கிகளில் (சேர்) நிற்கிறதா, கீழே உள்ள பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருக்கிறதா என்பதை முந்தின மாலையே பார்த்துவிட வேண்டும். கட்டட வேலையைச் சோதித்துச் சான்று தரும் சர்டிஃபையர் வந்து பார்ப்பார்தான். ஆனால் அவர் போன பிறகும் ஆட்கள் அதன்மேல் நடப்பார்கள்.

ஆறு ஆண்டு கழித்து அதிகம் புலம்பவைப்பது ஜன்னல். களிமண் செங்கல் காலப்போக்கில் கொஞ்சம் வளரும். பைன் காய்ந்து சுருங்கும். கீழ்த்தள ஜன்னலின் அலுமினியச் சட்டத்துக்கும் அடியில் வைக்கும் சில் செங்கலுக்கும் நடுவே குறைந்தது 5 மில்லிமீட்டர் இடைவெளி விடாவிட்டால், செங்கல் சட்டத்தை மேலே தூக்கும். ஜன்னல் இழுக்க வராது, பூட்டு பொருந்தாது. மாடி ஜன்னலுக்கு இடைவெளி இன்னும் கூட வேண்டும். கொத்துக்காரர் அதைக் கலவையால் அடைத்துவிடுவார், பார்க்க அழகாக இருக்கும் என்று! கலவை ஈரமாக இருக்கும்போதே சுரண்டச் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

அதே சுவரில் ஆர்டிகுலேஷன் ஜாயின்ட் (சுவர் அசைய விடும் செங்குத்து இடைவெளி) அதிகபட்சம் ஆறு மீட்டருக்கு ஒன்று, வீப் ஹோல் (உள்ளே சேரும் நீர் வடியும் துளை) 1.2 மீட்டருக்கு ஒன்று. குடிவந்தபின் தோட்டப் பிரியர்கள் மண்ணையும் மரத்தூளையும் சுவரோடு குவித்து வீப் ஹோலை மூடிவிடுகிறார்கள். ஸ்லாப் விளிம்பு 75 மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால்தான் கரையான் ஏறும் மண்பாதை கண்ணில் படும். சுவரோரம் பாத்தி போட்டுத் தண்ணீர் ஊற்றினால் களிமண் அந்தப் பக்கம் மட்டும் உப்பும்; உள்ளே கதவுகள் மாரியில் சிக்கி கோடையில் விடும், சுவரும் சீலிங்கும் சேரும் கார்னிஸ் ஓரம் மயிரிழை விரிசல் தெரியும். தரை வீட்டிலிருந்து விலகி முதல் ஒரு மீட்டரில் 50 மில்லிமீட்டர் சரிய வேண்டும். மழைநீர்க் குழாயையும் பெயின்ட் வரைக்கும் தள்ளிப்போடாமல், கூரை ஏறிய வாரமே இணைத்துவிட வேண்டும்.

குளியலறையில் மெம்பிரேன் (நீர் கசியாமல் தடுக்கும் பூச்சு) பூசியதும் டைலுக்கு முன் சோதனை கட்டாயம். அப்போது ஷவர் வடிகாலின் ஃபிளேஞ்சோடு (வாய் விளிம்பு) மெம்பிரேன் ஒட்டியிருக்கிறதா, தரைச் சரிவு 80-க்கு 1 ஆவது இருக்கிறதா என்று சர்டிஃபையருக்கு முன்பே நீங்கள் பாருங்கள். ஒவ்வொரு சுவரையும் பிளாஸ்டர் மூடுமுன், அளவு டேப்பை விரித்துவைத்துப் படம் எடுங்கள். ஐந்தாம் ஆண்டு டிவி மாட்ட ஓட்டை போடும்போது வயரும் குழாயும் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.

விற்கிற எண்ணம் வந்தால் ஒரு சிக்கல். ஓனர் பில்டர் தன் வேலைக்கு 2015 ஜனவரி 15 முதல் ஹோம் வாரன்டி இன்சூரன்ஸ் (மேலே சொன்ன காம்பன்சேஷனின் பழைய பெயர்) எடுக்க முடியாது. பெர்மிட் கிடைத்து ஏழரை ஆண்டுக்குள் விற்றால் இது ஓனர் பில்டர் கட்டியது, இன்சூரன்ஸ் இல்லை என்ற எச்சரிக்கைக் குறிப்பு விற்பனை ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். படித்ததும் பேரம் ஆரம்பமாகும். அப்போது மேசையில் வைக்க அந்தப் படங்களும் ஒவ்வொரு தொழிலாளரின் லைசென்ஸ் நகலும்தான் உங்களிடம் இருக்கும்.