வங்கி அணியா, முதலாளி கிளப்பா?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பந்து உதைக்கும் பையனுக்கு மேலே போக இரண்டு வழி. ஒன்று, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தரும் அலுவலக அணி. இன்னொன்று, ஒப்பந்தச் சம்பளம் தரும் கிளப். இரண்டுக்குமே சென்னையில் முன்னுதாரணம் உண்டு.

இந்தியன் வங்கி அணி முதல் வகை. தேசிய கால்பந்து லீக் வரை போய் ஆடிய அணி. கோப்பை வரவில்லைதான். ஆனால் முட்டி போனாலும் மேசையும் பென்ஷனும் இருக்கும். நம்மூர் அப்பாக்கள் எதைச் சொல்வார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

இரண்டாம் வகைக்கு சென்னை சிட்டி எஃப்.சி. 1946-லேயே தொடங்கிய கிளப். 2017-ல், அந்தத் தேசிய லீகின் இடத்தில் வந்த ஐ-லீகுக்குள் நுழைந்தது. அப்புறம் நடந்ததை இன்றும் நம்ப முடியவில்லை: 2018-19 சீசனின் கடைசி நாளில், கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி சாம்பியன் ஆனது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயின்காரர் பெத்ரோ மான்சி 21 கோல். சென்னைப் பெயர், கோவை மைதானம். அது தனிக் கூத்து.

2020-21-க்குப் பிறகு ஐ-லீகில் அந்தப் பெயரே இல்லை. முதலாளியின் பணத்தை நம்பிய கிளப்பில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

என்னைக் கேட்டால், 20 வயதுக்குள் கிளப் அழைத்தால் போகலாம், டிகிரியை அஞ்சல் வழியிலாவது முடித்துக்கொண்டு. 25 நெருங்கிவிட்டால் வங்கி, ரயில்வே, போலீஸ் தேர்வு அறிவிப்புகளைப் பார்ப்பதே மேல்.