நைட்ரஜன் டோப் செய்த பல்லேடியம் கார்பன்: ராணிப்பேட்டையில் ஓட்டிப் பார்த்தது

ராணிப்பேட்டை சிப்காட்டில் மருந்து இடைப்பொருள் செய்யும் சின்ன யூனிட் ஒன்றில் ஹைட்ரஜனேற்றம் என் பொறுப்பு. மூலக்கூறில் உள்ள நைட்ரோ குழுவை ஹைட்ரஜனால் அமீனாக்க, கேட்டலிஸ்டாக (வினையூக்கியாக) வழக்கமாக 5 சதவீதம் பல்லேடியம் ஏற்றிய சாதா கார்பன்தான் போடுவோம். இந்தக் கோடையில், கார்பனுக்குள் நைட்ரஜன் அணுக்களைச் சேர்த்த, அதாவது டோப் செய்த ரகத்தை டிரயல் பேக்காக வாங்கி ஓட்டினோம். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம், சரக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லது. எங்கள் மூலப்பொருளின் வளையத்தில் ஒரு குளோரின் இருக்கிறது. நைட்ரோ மாற வேண்டும், குளோரின் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். சாதா கேட்டலிஸ்டில் நைட்ரோ தீர்ந்த கையோடு ஹைட்ரஜன் குளோரினைப் பிடுங்க ஆரம்பிக்கும். அதனால் வினை நடக்கும் அழுத்தக் கலனான ஆட்டோகிளேவ் பக்கத்திலேயே நின்று பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புது ரகத்தில் அந்தப் பதற்றம் குறைந்தது. நைட்ரோ தீர்ந்ததும் ஹைட்ரஜன் இழுப்பது சட்டென்று தணிகிறது. குளோரின் போன பொருள், கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சியில் சின்ன பீக்காகத்தான் வருகிறது. வேகம் சாதா ரகத்தைவிடக் கொஞ்சம் மட்டு. எனக்கு அது பரவாயில்லை.

மறுபயன்பாடும் திருப்தி. பிரிடின் வகை நைட்ரஜன் கார்பன் விளிம்பில் உட்கார்ந்து உலோகத்தைப் பிடித்து வைக்கிறது, அதனால் துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெருப்பது குறைகிறது. வடிகட்டித் திரும்பப் போட்டபோது வேகம் பெரிதாக விழவில்லை.

டேட்டா ஷீட்தான் எனக்குக் கோபம். அறை வெப்பநிலையில் ஹைட்ரஜன் எவ்வளவு உறிஞ்சியது என்று அளந்து, அதிலிருந்து டிஸ்பெர்ஷனை, அதாவது உலோக அணுக்களில் எவ்வளவு பங்கு மேற்பரப்பில் இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பல்லேடியத்துக்கு இது செல்லாது. தன் கன அளவைப் போலப் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உள்ளே இழுக்கும் உலோகம் அது. தாமஸ் கிரஹாம் 1860களிலேயே காட்டிய விஷயம். மேற்பரப்பில் ஒட்டியது, உள்ளே போய் உலோகத்தோடு சேர்ந்து ஹைட்ரைடு ஆனது, உலோகத்திலிருந்து கார்பன் மேல் வழிந்தது, மூன்றும் ஒரே எண்ணில் சேர்ந்துவிடும். 70 டிகிரி வாக்கில் குறைந்த அழுத்தத்தில் அளக்க வேண்டும், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு வைத்து அளக்க வேண்டும்.

காட்பாடி பக்கம் ஓர் ஆய்வகத்தில் கொடுத்து டிபிஆர் (ஹைட்ரஜன் ஓட்டத்தில் சூட்டை ஏற்றிக்கொண்டே போய், ஹைட்ரஜன் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்தோம். சாதா ரகத்தில் 60, 70 டிகிரி வாக்கில் பீக் தலைகீழாக விழுகிறது. ஹைட்ரைடு உடைந்து ஹைட்ரஜன் வெளியே வருவதுதான் அது. டோப் செய்ததில் அந்தக் குழி ரொம்பச் சின்னது. துகள் சிறுத்தால் ஹைட்ரைடு உருவாவதும் குறையும், ஆக இது பொருந்துகிறது. சரக்கு நல்ல சரக்குதான், அதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம்தான் தப்பு.

அதே ஷீட்டில் 500 டிகிரிக்கு மேல் வரும் பெரிய பீக்குக்கு ஸ்பில்ஓவர், அதாவது மேலே சொன்ன, ஹைட்ரஜன் கார்பன் மேல் வழிவது என்று பெயர் போட்டிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் உலோகத்தை ஒட்டிய கார்பனே ஹைட்ரஜனோடு சேர்ந்து மீத்தேனாகப் போய்விடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மீத்தேனைக் காட்டும் 15 என்ற நிறை எண்ணைப் பார்க்காமல் அப்படிக் குறிக்கவே கூடாது. ஸ்பில்ஓவர் பொய் என்று சொல்லவில்லை. மஞ்சள் டங்ஸ்டன் ஆக்சைடு பிளாட்டினம் கேட்டலிஸ்டோடு சேர்ந்து ஹைட்ரஜனில் நீலமாவதை 1964லேயே பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் கார்பன் மேல் ஹைட்ரஜன் எவ்வளவு தூரம் நகரும் என்பது அதன் குறைபாடுகள், ஆக்சிஜன் குழுக்கள், ஈரம் இவற்றைப் பொறுத்தது. ஒரு பீக்கைக் காட்டி அதைச் சொல்லிவிட முடியாது.

அப்புறம் பேக்கிங். பாதிக்குப் பாதி தண்ணீரோடு வர வேண்டிய பொடி. டிரம்முக்குள் ஒரே ஒரு பை, கட்டும் தளர்வு. மே மாதம் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், லாரியில் வந்து சேர்வதற்குள் ஓரமெல்லாம் உலர்ந்திருந்தது. உலர்ந்த பல்லேடியம் கார்பன்மேல் மெத்தனால் ஆவி பட்டால் தீப்பிடிக்கும். வாங்குபவர்கள் பையைத் திறந்ததும் ஈரத்தைப் பாருங்கள். நைட்ரஜன் ஓட்டத்தில், முதலில் தண்ணீரில் குழைத்துவிட்டு, அதற்குப் பிறகு கரைப்பானை விடுங்கள். வடிகட்டிய கேக்கையும் ஈரமாகவே வையுங்கள், அதில் ஹைட்ரஜன் மிச்சம் இருக்கும்.

விலை கணிசமாக அதிகம். குளோரின் உள்ள சரக்குக்கு மட்டும் மறுபடி ஆர்டர் போட்டிருக்கிறேன், இரட்டைப் பையும் கார்பன் மோனாக்சைடு அளவீடும் வேண்டும் என்று எழுதிக் கேட்டு. மற்ற நைட்ரோ வேலைகளுக்குச் சாதா ரகமே போதும்.