எம் கிளாஸ் என்று விற்கிற தூசி வெக்கியூம்: காசு கட்ட முன் இதைப் பாருங்க

கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் சுவர் வெட்டி வயரிங் பைப் புதைக்கிறவர்கள், டைல்ஸ் பதிக்கிறவர்கள், கொங்கிறீட் தேய்க்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பதிவு. எம் கிளாஸ் (நுண்ணிய கட்டடத் தூசியை வெளியே விடாத தர வகுப்பு) என்று சொல்லி எங்களுக்கு விற்ற தூசி உறிஞ்சும் மெஷின் எம் கிளாஸ் இல்லை. சாதாரண ஈர-உலர் வெக்கியூம், மூடியில் ஒரு ஸ்டிக்கர். விலை மட்டும் மூன்று மடங்கு. சைட்டின் பாதுகாப்பு அலுவலர் ஐந்து நிமிஷத்தில் பிடித்து மெஷினை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். கடைப் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். தவிர, இதே சரக்கு இன்னும் நாலு கடையில் கிடக்கும்.

எல், எம், எச் என்ற வகுப்புகள் ஐ.ஈ.சி. 60335-2-69 என்ற சர்வதேச மின்சாதனத் தரத்தில் வருபவை. உள்ளே போன தூசியில் எவ்வளவு வெளியே தப்பலாம் என்பதுதான் வித்தியாசம். எல் என்றால் 1 வீதம், எம் 0.1 வீதம், எச் 0.005 வீதம். நம்ம வேலையில் பறக்கிறது ஆற்றுமணலிலும் கருங்கல்லிலும் போசலின் டைல்ஸிலும் இருக்கிற சிலிக்கா, நுரையீரலைக் கெடுக்கிற தூசி. நுரையீரலின் அடிவரைக்கும் இறங்குவது பெரும்பாலும் 4 மைக்ரோனுக்குக் கீழான துகள், கண்ணுக்குப் படாது. அமெரிக்காவின் ஓஷா (வேலைத்தளப் பாதுகாப்பு நிறுவனம்) விதிப்படி சிலிக்காவின் 8 மணி நேரச் சராசரி ஒரு கன மீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அதற்கு எல் கிளாஸ் காணாது. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் எம்மும் போதாது, எச் வேணும். அந்தச் சீற்றைக் கிரைண்டரால் வெட்டுறதே பிழை.

கடைக்காரர் சொன்னது ஒரே ஒரு நியாயம்: "ஹெப்பா பில்டர் (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கிற வடிகட்டி) போட்டிருக்கு, அப்ப எம் கிளாஸ்தானே தம்பி." இந்த இடத்தில்தான் ஆள் வழுக்கி விழுகிறது. வகுப்பு பில்டருக்குக் கொடுக்கிறதில்லை, மெஷின் முழுவதுக்கும் கொடுக்கிறது. பில்டர் உட்காரும் ரப்பர், மூடிக் கிளிப், பை, காற்று குறைந்தால் கத்துகிற அலாரம், ஹோஸைக் கழற்றினால் வாயை அடைக்கிற மூடி எல்லாம் அதில் சேரும். ஹெப்பா என்ற சொல்லை யாரும் அச்சடிக்கலாம். எச்13 என்றால் 99.95 வீதம், எச்14 என்றால் 99.995 வீதம் என்று நம்பர் இருக்க வேணும். எங்களுக்கு வந்ததில் நம்பர் இல்லை. பில்டரைப் பிடிக்கிற வளையம் ஒரு பக்கம் மடிந்து, நகம் நுழைகிற இடைவெளி. அந்த இடைவெளி இருந்தால் எந்த நல்ல பில்டரைப் போட்டும் பிரயோசனமில்லை, காற்று லேசான வழியால்தான் போகும்.

அலுவலர் முதலில் பார்த்தது பில்டரை இல்லை, ஹோஸ் விட்டம் தெரிவு செய்கிற திருகியைத்தான். எம் கிளாஸ் மெஷினில் ஹோஸுக்குள் காற்றின் வேகம் செக்கனுக்கு 20 மீற்றருக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை வர வேணும். அதற்குக் கீழே போனால் தூசி ஹோஸிலேயே படியத் தொடங்கும். 27 மில்லிமீற்றர் ஹோஸில் அந்த எல்லை மணிக்குச் சுமார் 41 கன மீற்றர், 36 மில்லிமீற்றரில் சுமார் 73. ஹோஸுக்கு ஹோஸ் எல்லை மாறுவதால்தான் அந்தத் திருகி. கடையிலேயே பார்க்கலாம்: திருகியைச் சரியான விட்டத்தில் வைத்து, மெஷினை ஓடவிட்டு, ஹோஸ் வாயை உள்ளங்கையால் பொத்துங்க. சில செக்கனில் அலாரம் அடிக்க வேணும். எங்கட மெஷினில் அந்தத் திருகி இருக்க வேண்டிய இடத்தில் வேகம் கூட்டிக் குறைக்கிற குமிழ். சிவப்பு லைற், கரண்ட் வந்திருக்கு என்று காட்டுகிற லைற் மட்டும்தான்.

அடுத்த ஏமாற்று, பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற நம்பர்கள். வொட்ஸ் என்பது மெஷின் தின்கிற கரண்ட், உறிஞ்சுகிற பலம் இல்லை. கிலோபஸ்கால் என்பது ஹோஸை முழுக்க அடைத்துவிட்டு அளந்தது, காற்றோட்டம் என்பது பெரும்பாலும் ஹோஸே இல்லாமல் அளந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. நிமிஷத்துக்கு 3,600 லீற்றர் என்றால் வாய் பிளப்போம், மணிக் கணக்கில் அது 216 கன மீற்றர்தான். கிரைண்டருக்கு ஓஷா கேட்பது டிஸ்க் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் மணிக்கு ஏறக்குறைய 42.5 கன மீற்றர். 4 அங்குல டிஸ்க்குக்கு 170, 5 அங்குலத்துக்கு 212. ஹோஸ் போட்டு, பில்டரில் ஒரு படை தூசி ஏறிய பிறகு அந்தப் பெட்டி நம்பரில் எவ்வளவு மிஞ்சும் என்று யோசிங்க. கிரைண்டரில் தூசி மறைப்பும் பூட்டியிருக்க வேணும், வெறும் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஹோஸைப் பிடிக்கிறது கண்துடைப்பு. மறைப்பின் வாய் 35 மில்லிமீற்றர், ஹோஸ் 27 என்றால் டேப் சுற்றிச் சமாளிக்கக்கூடாது. சரியான ரப்பர் இணைப்பியை மெஷினோடு சேர்த்தே கேட்டு வாங்குங்க.

சீமெந்துத் தூசிக்குத் தானாகப் பில்டர் தட்டுகிற வசதி இல்லாத மெஷின் ஒத்துவராது. சேசிங் (பைப் புதைக்கச் சுவர் வெட்டுகிற) வேலையில் எங்கட பில்டர் பத்து நிமிஷத்தில் அடைத்தது. கழற்றித் தட்டினால் தூசி முகத்துக்குத்தான் வரும், தட்டத் தட்டப் பில்டர் தாளும் கிழியும். அடைத்த பில்டரோடு ஓடினால் மோட்டருக்குக் குளிர்காற்றுக் குறைந்து சூடேறும். மாரியில் இன்னும் மோசம்: ஈரப்பதத்தில் மடிப்புக்குள் சீமெந்து இறுகிவிடும், பிறகு கழுவினாலும் போகாது. ராத்திரி மெஷினை வெளியில் விடாதீங்க. பை போடுகிற மாதிரியென்றால் துணி போன்ற பிலீஸ் பைதான் வேணும், கடதாசிப் பை ஈரத்தில் கிழியும்.

கரண்டையும் கணக்குப் போடுங்க. கிரைண்டரை மெஷினில் உள்ள பிளக்கிலேயே குத்தினால் இரண்டும் சேர்ந்து ஓடும், அது நல்லதுதான். ஆனால் 1,400 வொட்ஸ் கிரைண்டரும் 1,600 வொட்ஸ் வெக்கியூமும் சேர்ந்தால் 230 வோல்ற்றில் 13 அம்பியரைத் தொட்டுவிடும், சுவர் பிளக்கின் முழு எல்லையே அதுதான். 30 மீற்றர் மெல்லிய 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் இழுத்தால் வயரிலேயே 20 வோல்ற் போய்விடும், வயரும் கொதிக்கும். 2.5 வயர் போடுங்க, கரண்ட் கசிந்தால் வெட்டுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

பேப்பர் எதுவும் காட்டாமல் விற்பனையாளர் இழுத்தடித்தால் ஒரு சோதனை: இருட்டு அறையில் கோதுமை மாவை உறிஞ்ச விட்டு, மெஷினின் வெளிக்காற்று வருகிற பக்கத்துக்குக் குறுக்கே ஒடுங்கிய ரோச் லைற்றை அடித்து, எதிர்ப்பக்கமிருந்து பாருங்க. ஒளிக்கற்றையில் தூசி மினுங்கினால் அதை அங்கேயே விட்டுட்டு வாங்க. மினுங்காவிட்டால் அது எம் கிளாஸ் என்று அர்த்தமில்லை, இந்தச் சோதனை பிழையைத்தான் காட்டும். எம் கிளாஸ்தான் என்று உறுதியாகத் தெரியத் தயாரிப்பாளர் பெயர், மொடல், தொடர் இலக்கம், தரத்தின் இலக்கம் உள்ள தகடும் பரிசோதனைச் சான்றும் வேணும். மூடியில் பளபளக்கிற ஸ்டிக்கர் தகடு ஆகாது.

நாங்கள் மாட்டியது பில்லில்தான். அதில் "வெக்கியூம் கிளீனர் - 1" என்று மட்டும் எழுதியிருந்தது. திருப்பிக் கொண்டுபோனபோது, எம் கிளாஸ் என்று தான் சொல்லவே இல்லை என்றார் கடைக்காரர். வொறண்டிச் சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் சீமெந்துத் தூசிக்கு உத்தரவாதம் இல்லை என்று இருந்தது. கட்டட வேலைக்கென்று விற்ற மெஷினுக்கு அந்த வரி! ஆகவே பற்றுச்சீட்டில் மொடல், தொடர் இலக்கம், "எம் வகுப்பு, 60335-2-69" என்று எழுதச் சொல்லுங்க. எழுத மறுத்தால் அங்கேயே விடை தெரிந்துவிடும். ஸ்டிக்கரையும் பெட்டியையும் போட்டோ எடுத்து வையுங்க. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேணும். தொலைபேசி 1977.

நல்ல மெஷின் வாங்கக் காசு சேரும் வரைக்கும் டைல்ஸைத் தண்ணி ஊற்றுகிற கட்டரில் வெளியே வைத்து வெட்டுங்க, கள்ள எம் கிளாஸை நம்பி மூடிய அறைக்குள் வெட்டுறதைவிட அது எவ்வளவோ மேல். எந்த மெஷினோடும் என்95 மாஸ்க் தேவைதான், தாடிக்கு மேல் போட்டால் ஓரத்தால் காற்றுப் போகும் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

அந்த மெஷின் இப்போது வெள்ளம் ஏறிய வீடுகளில் தரைத்தண்ணி உறிஞ்சுகிறது. அந்த வேலைக்கு அதில் குறையே சொல்ல முடியாது.