ஸ்வால்பே மாரத்தான் பிளஸ் சைக்கிள் டயர்: பின் சக்கரத்துக்கு ஒன்று போதும்

தோவாளைப் பக்கம் சைக்கிள் சவுட்டுகிறவருக்கும் விளவங்கோட்டில் சவுட்டுகிறவருக்கும் ஒரே டயரைச் சொல்ல முடியாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைக் காட்டில் உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும் ரோட்டோரம் கிடக்கும். குலசேகரம், திற்பரப்புப் பக்கம் முள் குறைவு, வழுக்கல்தான் தொல்லை: ரப்பர் மரத்து ஈர இலை, பாசி பிடித்த சிமெண்ட் ரோடு, சரல் மண்.

ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சர் கூடுவதற்குக் காரணம் உண்டு. மழைத்தண்ணீர் நடுரோட்டில் கிடக்கும் கண்ணாடித்துண்டையும் கம்பியையும் அடித்துக்கொண்டுபோய் ஓரத்தில் சேர்க்கிறது. சைக்கிள் போவதும் அதே ஓரத்தில்தான். போதாததற்கு, நனைந்த ரப்பரைக் கண்ணாடி சுலபமாக அறுக்கும். ரப்பர் வெட்டுகிறவர்கள் கத்தியில் தண்ணீர் விடுவதைப்போலத்தான் இதுவும்.

மாரத்தான் பிளஸின் விசேஷம், மேல்தோலுக்கு அடியில் இருக்கும் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் அடுக்கு. துணி அடுக்கு மட்டும் வைத்த டயர்களில் மெல்லிய கம்பி, துணி இழைகளுக்கு இடையே புகுந்துவிடும். நான்குவழிச் சாலை ஓரத்தில் கிடக்கும், லாரி டயரிலிருந்து உதிர்ந்த முடி போன்ற கம்பிதான் அதிகம் ஏமாற்றுவது. இந்தத் தடிமனில் அது பாதிவழியிலேயே நின்றுவிடுகிறது. நெருஞ்சி முள் எட்டவே எட்டாது. நீளமான கருவேல முள் நேராக ஏறினால் மட்டும் இதுவும் தாங்காது. அதைவிட மோசம், முள் ஒடிந்து நுனி உள்ளேயே தங்கிப்போவது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பத்து நாள் கழித்து வீட்டு வாசலில் காற்று இறங்கியிருக்கும். சவாரி முடிந்ததும் சக்கரத்தை மெல்லச் சுற்றி, கறுப்பாய்ப் புள்ளி தெரிந்தால் ஊசியால் நெம்பி எடுத்துவிட வேண்டும். பக்கச்சுவருக்கு இந்த அடுக்கு கிடையாது; கூரான கல் கிழித்தால் கிழித்ததுதான்.

விலையாகக் கொடுப்பது எடை. 700-க்கு 35 அளவில் (35 என்பது மில்லிமீட்டரில் அகலம்) ஒரு டயர் சுமார் 900 கிராம். பேச்சிப்பாறை ஏற்றத்தில் கால் அதைச் சொல்லும். அதனால் எங்கள் யோசனை: இதைப் பின்னால் மட்டும் போடுங்கள். முன் சக்கரம் படுத்துக் கிடக்கும் ஆணியைத் தட்டி நிமிர்த்துகிறது, பின் சக்கரம் அதன்மேல் ஏறுகிறது. ஆளின் எடையும் பெரும்பாலும் பின்னால்தான். முன்னால் அதே கம்பெனியின் சாதாரண மாரத்தான் டயரே போதும், கைப்பிடியும் லேசாக இருக்கும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தாருக்கு இரண்டிலுமே சாதாரண மாரத்தான் போதுமானது.

டயரின் மேல்தோலில் பட்டன் (புடைப்பு) பெரிதாக இருந்தால் மழையில் பிடிக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். கார் டயரைப்போல சைக்கிள் டயர் தண்ணீர்மேல் மிதப்பதில்லை. தார் ரோட்டில் பிடிப்பைத் தருவது ரப்பரின் மென்மையும் காற்றின் அளவும்தான். 70 கிலோ ஆளுக்கு 35 டயரில் முன்னே 50, பின்னே 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) சரியாக இருக்கும். ரோடு காய்ந்த நாளில் ஐந்து கூட்டலாம். ரொம்பக் குறைத்தால் குழியில் ரிம் டியூபைக் கடித்து, பாம்பு கடித்ததுபோல அருகருகே இரண்டு ஓட்டை விழும். ஒரே ஓட்டை, அதுவும் ரிம் பக்கம் என்றால் முள்ளைத் தேடாதீர்கள்; ரிம் டேப் விலகி ஸ்போக் முனை குத்துகிறது.

பனிநாட்டுக்காரர்கள் போடும் ஆணி பதித்த டயருக்கு இங்கே வேலையில்லை. ஐஸில் கடிக்கும் அந்த ஆணி நனைந்த தாரில் வழுக்கும்.

மாட்டுவதுதான் பாடு. டயர் விறைப்பு, ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் கழன்று வரும். அரைமணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு, டியூபில் லேசாகக் காற்று ஊதி, வால்வுக்கு எதிர்ப்புறத்திலிருந்து தொடங்குங்கள். ஏறிய இடத்தைப் பழைய டியூப் துண்டால் ரிம்மோடு சேர்த்துக் கட்டிவிட்டால் நழுவாது. விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே வந்து வால்வருகே முடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் உதவும். பிளாஸ்டிக் லீவர் மட்டுமே. ஸ்க்ரூடிரைவரை விட்டால் புது டியூப் அங்கேயே போச்சு. 30 பிஎஸ்ஐ-யில் நிறுத்தி, ரிம்மை ஒட்டிய மெல்லிய கோடு சுற்றிலும் சமமாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள். பக்கச்சுவரில் இருக்கும் அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கட்டும். டயரின் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டினால், டியூபில் ஓட்டை கண்டதும் டயரில் முள் எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

மழையில் ஒட்டுப்போட முயலாதீர்கள், ஈரத்தில் சொலூஷன் பிடிக்காது. ஒரு மாற்று டியூப், இரண்டு லீவர், சின்னப் பம்பு பையில் இருந்தால் போதும்.

வாங்குமுன் பழைய டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். 622 (ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) என்றிருந்தால் 700 டயர் உட்காரும். நம்மூர்ப் பழைய 28 அங்குல, கம்பி பிரேக் வண்டியில் 635 என்றிருக்கும். விட்டத்தில் 13 மில்லிமீட்டர் பெரிது, எவ்வளவு இழுத்தாலும் ஏறாது.