தாடை மூட்டு வலி: நைட் கார்டா, பயிற்சியா?

வாயைத் திறக்கும்போது காதோரம் 'டக்' என்று சத்தம் கேட்கிறது, ஆனால் வலி இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் சிகிச்சையே தேவையில்லை. மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் தட்டு (டிஸ்க்) முன்னால் நழுவி, வாய் திறக்கையில் மறுபடி இடத்தில் உட்காரும் சத்தம்தான் அது. பலருக்குக் காலம் முழுக்க அப்படியே இருக்கும். சத்தத்தை நிறுத்தவென்று செலவு செய்யாதீர்கள்.

வலி வந்தால் கதை வேறு. பல் மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் முதலில் பேச்சு வருவது நைட் கார்டைப் பற்றித்தான். இரவில் பல்மேல் மாட்டிக்கொள்ளும் உறை இது; பல் அச்சு எடுத்து அக்ரிலிக்கில் செய்து தருவார்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பல் தேயாமல் காக்கும். அதற்காக வாங்குவது நியாயம். வலிக்காக என்றால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கு நைட் கார்டு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி இரண்டையும் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை.

அது உறுதியாகப் பரிந்துரைத்தவை வேறு: பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, இறுகிய தசையைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, வலியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் மனநல ஆலோசனை. இவை மெதுவாகத்தான் பலன் தரும். ஆனால் வலிக்குப் பெரும்பாலும் தசை இறுக்கமும் ஒரு காரணம் என்பதால், அதை நேராகத் தொடுபவை இவைதான். கூடவே பகலில் அடிக்கடி கவனியுங்கள்: உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர பற்கள் சேர வேண்டிய அவசியமே இல்லை. வலி அடங்கும்வரை முறுக்கு, சீடை, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும்.

எனவே வலிக்கு என் ஓட்டு பயிற்சிக்கு. பல் தேய்ந்திருந்தால் நைட் கார்டும் சேரட்டும்.

வலிக்காகப் பல்லை ராவி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தைச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் உடனே சம்மதிக்காதீர்கள். ராவிய பல் திரும்பி வளராது. இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

வாய் திடீரென்று பூட்டிக்கொண்டு இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால் வீட்டிலேயே பயிற்சி செய்து பார்க்க வேண்டாம். வாய், தாடை அறுவை சிகிச்சை நிபுணரைச் சீக்கிரம் பாருங்கள். தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது இதயக் கோளாறாக இருக்கலாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.